இணையப் பட்டப்படிப்புக்கு இடாப்புக் கூப்பிட்டவர்

லண்டனில் ஆட்களைச் சரியாக எண்ணத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அரசாங்கமும் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஆரவாரத்தோடு எண்ணுகிறது. அது உத்தேசம். இடாப்பு மாஸ்டர் எண்ணினால் அது முடிவு.

பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் இருக்க இடம் தேடுவார்கள். அவர் நின்றபடி தலைகளை எண்ணுவார். வெம்பிளியில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தால் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. "முந்நூற்றிப் பன்ரண்டு பேர். மாப்பிள்ளையின்ரை சித்தப்பா வரேல்லை" என்பார். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடுவாரோ தெரியாது. குருக்கள்மார் எத்தனை பேர், அதில் பிந்தி வந்தவர் யார் என்று தெரிந்திருக்கும். மனிதர்களை அவர் சாதி, சமயம், நிறம் என்று பிரித்து நான் கண்டதில்லை. வந்தவர்கள், வராதவர்கள், பிந்தி வந்தவர்கள் என்று மூன்றே பிரிவு. மூன்றாவது பிரிவின்மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். வராதவருக்கு ஒரு காரணம் இருக்கும், பிந்தி வந்தவருக்குக் காரணமே இருக்காது என்பது அவர் கொள்கை.

இடாப்பு என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வரவு பதியும் நீளப் புத்தகம். ஆசிரியர் பெயரைக் கூப்பிடுவார். பிள்ளை எழும்பி "பிரசன்ட் சேர்" என்று சொல்லும். கட்டத்துக்குள் ஒரு கோடு விழும். ஊரில் கணிதம் படிப்பித்த இந்த மனிதர் அந்தப் புத்தகத்தை விடாமல் கடல் கடந்தும் கொண்டு வந்துவிட்டார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாங்கள் இருவரும் வேலை செய்தது தெற்கு லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம், ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. கரிபியன் தீவுகளிலிருந்து வந்த தாதிமாரும் பஸ் நடத்துநர்களும் ஆரம்பித்த இடம் அது. தங்கள் பிள்ளைகளை இந்த நகரத்துப் பள்ளிகள் படிப்பு ஏறாதவர்கள் என்று ஒதுக்கியபோது, ஒரு தேவாலய மண்டபத்தில் மாலை வகுப்பாகத் தொடங்கினார்கள். பிறகு கல்லூரியாகி, பிறகு பல்கலைக்கழகமானது. கறுப்பினத்தவர் தங்களுக்காகத் தாங்களே கட்டியது என்று வாசலில் எழுதியிருக்கும். அந்த வாசலால் ஒரு யாழ்ப்பாணத்தான் இருபத்தொன்பது வருடம் போய் வந்தேன். பதிவுப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அதன் தலைவராக முடித்தேன். மாணவரைச் சேர்ப்பது, நீக்குவது, தவறுதலாக நீக்கியவரைத் திரும்பச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அங்கே நடைமுறை உண்டு. அவற்றை முழுவதும் வாசித்த ஒரே மனிதன் நான்தான் என்று நம்புகிறேன்.

மாஸ்டர் அப்போது பரீட்சை மண்டப மேற்பார்வையாளர். ஒருநாள் இருநூறு பேர் இருக்க வேண்டிய மண்டபத்தில் இருநூற்றொரு தலை இருந்தது. மூன்று தரம் எண்ணினார். கூடுதல் தலை துணைவேந்தருடையது. பரீட்சை எப்படி நடக்கிறது என்று சும்மா பார்க்க வந்து கடைசி வரிசையில் ஒரு வெறுங்கதிரையில் இருந்திருக்கிறார். அவர் எழும்பிப் போகப் பார்த்தபோது மாஸ்டர் கதவை மறித்தார். பரீட்சை தொடங்கி முதல் அரைமணி நேரத்துக்கு எவரும் வெளியேறக் கூடாது. துணைவேந்தருக்கு விலக்கு உண்டா என்று எனக்குத் தொலைபேசி வந்தது. விதியை எடுத்துப் பார்த்தேன். 'எவரும்' என்றுதான் இருந்தது. துணைவேந்தர் இருபத்தொரு நிமிடம் கைகட்டி இருந்தார். அந்த வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு தொற்றுக் காலம் வந்தது. பரீட்சைகள் வீடுகளுக்குப் போய்விட்டன. எண்ணுவதற்குத் தலைகள் இல்லை. நீண்டகாலப் பகுதிநேர ஊழியரைச் சும்மா அனுப்ப முடியாது, பொருத்தமான வேறு வேலை தர வேண்டும் என்று நடைமுறை சொல்லியது. எந்த வேலைக்குப் பொருத்தம் என்று யோசித்தேன். ஒன்றுக்கும் இல்லை. ஆகவே இணையப் பட்டப்படிப்பின் மாணவர் உதவி மேசையில் போட்டேன். அங்கே யாரும் வருவதில்லை, அதனால் அவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது என் கணிப்பு.

இணையப் பட்டப்படிப்பு அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. பகலில் வளாகத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் தொடங்கியது அது. வைத்தியசாலைத் துப்புரவாளர்கள், முதியோர் இல்லப் பராமரிப்பாளர்கள், பஸ் சாரதிகள் சேர்ந்தார்கள். சேர்ந்த உற்சாகம் மூன்று வாரம் நிற்கும். பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். வெளி மதிப்பீட்டுக் குழு ஒரு கடிதம் போட்டது. அடுத்த ஆனி மாதம் நேரில் வருவோம். மாணவர்கள் இப்படியே கழன்று போய்க்கொண்டிருந்தால் இந்தப் படிப்புக்கு இனி அனுமதி இல்லை.

அனுமதி போனால் என்ன ஆகும் என்பதற்கு மிஸ் யூனிஸைச் சொன்னால் போதும். வயது அறுபத்தொன்று, முதியோர் இல்லத்தில் வேலை. பழைய தேவாலய மண்டபத்தில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் அவருடைய தாய். மகள் இங்கே சேர்வதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் பட்டப்படிப்பைத் தொடங்கி இடையில் விட்டவர். இங்கே கடைசி வருடத்தின் வாசலில் நின்றார். படிப்பை மூடினால் அவர் கையில் மிஞ்சுவது முக்கால் பட்டம். முக்கால் பட்டம் என்று ஒன்றைக் கொடுக்க வழி உண்டா என்று நான் விதிகளில் தேடிப் பார்த்தேன். இல்லை.

மாஸ்டரின் முதல் நாள். கணினி முறையைப் பார்த்துக்கொண்ட நித்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, அவருக்குத் திரையைக் காட்டினாள். ஒழுங்காக வரும் மாணவருக்குப் பச்சை விளக்கு, தயங்குபவருக்கு மஞ்சள், காணாமல் போனவருக்குச் சிவப்பு.

"இந்தச் சிவப்பெல்லாம் ஆர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ரெண்டு வாரமா உள்ள வராதவங்க, மாஸ்டர் சார்."

"அவைக்கு என்ன செய்யிறியள்?"

"தானாவே ஒரு ஈமெயில் போயிடும். 'உங்களைக் காணவில்லை'ன்னு."

"அதை அவை எங்கை பாக்கிறது?"

"உள்ள வந்துதான் பாக்கணும், சார்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பள்ளிக்கூடத்துக்கு வராத பெடியனுக்கு, 'நீ ஏன் வரேல்லை' எண்டு கரும்பலகையிலை எழுதி வைச்ச மாதிரியெல்லோ இருக்கு."

நித்யா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அந்த முறையைத் தெரிவு செய்த குழுவுக்குச் செயலாளராக இருந்தவன் நான். சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அவர் ஒரு நீளப் புத்தகத்தோடு வந்தார். சவுத்தாலில் ஒரு கடையில் வாங்கியதாம். சிவப்பு மையால் கோடு போட்டு, நூற்று நாற்பது பெயரையும் எழுதி முடித்திருந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு டொக்டர் கிளாரன்ஸின் இணைய விரிவுரை. டொக்டர் கிளாரன்ஸ் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர். தகப்பன் வழி பார்படோஸ். அழகாகப் பேசுவார், நிறுத்த மாட்டார். அவர் தொண்டையைச் செருமியபோது, அழையாத ஒரு முகம் கழுத்துப்பட்டியோடு திரையில் தோன்றி, "இடாப்பு" என்று அறிவித்தது.

மாஸ்டரின் ஆங்கிலம் இஸ்திரி போட்டு மடித்து வைத்தது. தமிழில் சொல்வதானால் அது இப்படி இருக்கும்: "மாணவர்களே, பெயர் அழைக்கப்படும்போது தாங்கள் சமூகமளித்திருப்பதை உறுதிப்படுத்துக." ஒவ்வொரு பெயராகக் கூப்பிடத் தொடங்கினார். ஒருவருக்கு ஒலிவாங்கியைத் திறக்கத் தெரியாது. இன்னொருவர் திறந்ததும் அடுப்பில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது. இடாப்பு முடிய முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஐம்பது நிமிட விரிவுரையில் ஒரு நாட்டின் விடுதலையைச் சொல்ல வேண்டியிருந்த டொக்டர் கிளாரன்ஸ், அதைப் பதினைந்து நிமிடத்தில் வாங்கிக் கொடுத்தார்.

காலையில் என் அறைக்கு வந்து, "உங்கள் ஆள் என் வகுப்பைத் தின்றுவிட்டார்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆயத்தமானேன். அதற்குள் நித்யா வந்து திரையைத் திருப்பிக் காட்டினாள். மாணவர்கள் அன்றிரவே எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் கோபம் இல்லை. ஜமேக்காவில் படித்தவர், கானாவில் படித்தவர், நைஜீரியாவில் படித்தவர் எல்லோருக்கும் அந்தப் புத்தகம் தெரிந்திருந்தது. அவர்கள் எல்லோரும் சின்ன வயதில் எழும்பி நின்று "பிரசன்ட் சேர்" சொன்னவர்கள். ஒரே வெள்ளைக்காரன்தான் எல்லா ஊருக்கும் ஒரே இடாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். 'இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு என் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னது இன்றுதான்' என்று மிஸ் யூனிஸ் எழுதியிருந்தார்.

நான் மாஸ்டரைக் கூப்பிட்டேன். "மாஸ்டர், இடாப்புக்கு ஐஞ்சு நிமிசம் தரலாம்."

"ஏலாது தம்பி. நூற்றி நாப்பது பேர். ஆளுக்கு மூண்டு செக்கன் வைச்சாலும் ஏழு நிமிசம்."

"அப்ப வகுப்புக்கு முதல் கூப்பிடுங்கோ."

"ஆறு இருபத்தைஞ்சுக்குத் தொடங்கிறன். ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிடுவன்."

"இணையத்திலை கதவு இல்லை, மாஸ்டர்."

"அவைக்குத் தெரியாதே."

தங்கள் பெயருக்கு எதிரே பிந்தியவர் என்று விழக் கூடாதென்று நூறு பேருக்கு மேல் ஆறு இருபத்தைந்துக்கே வரத் தொடங்கினார்கள். தங்கள் முறை வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் எழுத்தில் கதைத்துக்கொண்டார்கள். போன கிழமைப் பாடம் விளங்கியதா என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் விளங்கப்படுத்துவார். ஏழு மணிக்கு டொக்டர் கிளாரன்ஸ் வரும்போது பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். அவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. மாஸ்டரிடம் சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

வராதவர்களுக்கு மாஸ்டர் மறுநாள் தொலைபேசி எடுத்தார். "தாங்கள் நேற்றுச் சமூகமளிக்கவில்லை. காரணம் யாது?" சொன்ன காரணத்தைப் புத்தகத்தில் எழுதினார். அழைப்புக்குப் பதில் தராதவர்களுக்கு வேறு வழி வைத்திருந்தார். ஊரில் ஒரு பிள்ளை வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தானே கேட்பார்கள். ஆகவே தபால் குறியீட்டைப் பார்த்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடித்தார். பெக்கமில் ஒரே மாடிக் கட்டடத்தில் மிஸ் யூனிஸ் ஆறாம் தளத்திலும், கொலின் என்ற பஸ் சாரதி மூன்றாம் தளத்திலும் இருந்தார்கள். ஒரே படிப்பு, ஒரே மின்தூக்கி, இரண்டு வருடம். ஒருவரை ஒருவர் தெரியாது. மாஸ்டர் சொன்ன பிறகு கொலின் ஒரு தட்டில் மீன் பொரியலோடு மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினாராம்.

எல்லாக் கதவிலும் மீன் பொரியல் வரவேற்கப்படவில்லை. வைத்தியசாலையில் படுத்திருக்கிறேன் என்று மாஸ்டரிடம் சொன்ன ஒரு மாணவரின் வீட்டுக் கதவை, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் தட்டினார். நோயாளி குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வந்து திறந்தார். அன்றே முறைப்பாடு வந்தது. தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அம்மையார் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். விசாரணை வைக்க வேண்டும், அதுவரை தொலைபேசியும் இடாப்பும் நிறுத்தப்பட வேண்டும் என்றார். மதிப்பீட்டுக் குழு வர மூன்று மாதமே இருந்தது.

விசாரணை அதிகாரி நான்.

"மாஸ்டர், ஒருத்தற்ரை விலாசத்தை இன்னொருத்தருக்குச் சொல்லப்படாது. சட்டம்."

"நான் விலாசம் சொல்லேல்லையே தம்பி. 'உங்களுக்கு மேலை, ஆறாம் மாடியிலை, இடப்பக்கத்துக் கதவு' எண்டுதான் சொன்னனான்."

"அதுதான் விலாசம்."

"அப்ப நேர இலக்கத்தைச் சொல்லியிருக்கலாம். சும்மா சுத்தி வளைச்சுப்போட்டன்."

இதை அப்படியே அறிக்கையில் எழுதினால் அவர் கதை முடிந்தது. நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். ஒரு படிவம் தயாரித்தேன். அயலவர் இணக்கப் படிவம், இரண்டு பக்கம். 'எனக்கு அருகில் வசிக்கும் சக மாணவருக்கு என் இருப்பிடம் தெரிவிக்கப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.' நடந்தது தவறு என்று அறிக்கையில் ஒப்புக்கொண்டு, இனி நடக்காமலிருக்க இதோ வழி என்று படிவத்தை இணைத்தேன். அம்மையார் அதை இரண்டு தரம் வாசித்தார். பிழை பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் ஒரு கிழமையில் இடாப்பைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவிட்டார், ஈரத் துவாய்க்காரரைத் தவிர. எனக்கு அன்று பின்னேரம்தான் மூச்சு சீராக வந்தது.

அந்த நிம்மதி ஒரு கிழமைதான் நிலைத்தது. மிஸ் யூனிஸின் தாய் காலமானார்.

இதற்கும் நடைமுறை உண்டு. மரணச் சான்றிதழை இணைத்து விண்ணப்பித்தால் கட்டுரைக்குப் பத்து வேலைநாள் தவணை. மாஸ்டர் நித்யாவிடம் போனார்.

"பிள்ளை, இந்த மனுசிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு கடிதமும் போகப்படாது."

"அப்படி நிறுத்த முடியாது, மாஸ்டர் சார். ஆளைச் சிவப்புலயே நிரந்தரமா பூட்டி வெச்சாத்தான் எந்த மெயிலும் போகாது."

"பூட்டும்."

"சார், பாக்கிறவங்க இவங்க படிப்ப விட்டுட்டாங்கன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். செத்தவீட்டுக்குள்ளை கட்டுரை கேட்டு மணி அடிக்கிறதோ?"

நித்யா பூட்டினாள். பிறகு ஒப்பரேஷன் செய்தவர், புருசன் விட்டுப் போனவர், இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்று அந்தப் பூட்டுக்குள் இன்னும் பலர் போனார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மாஸ்டர் அத்தோடு நிற்கவில்லை. கறுத்தக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பிளேஸ்டோவில் இருந்த தன் வீட்டிலிருந்து பெக்கமுக்கு நேரே போனார். அன்று ஒன்பதாம் இரவு. கரிபியன் வழக்கப்படி செத்தவீட்டில் ஒன்பதாம் நாள் ஊரே கூடும். சாப்பாடு, ரம், பாட்டு, டொமினோ விளையாட்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் ஒரு கதிரையில் கையைக் கட்டி இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார். தந்த எதையும் வாயில் வைக்கவில்லை. பிறகு எழும்பி, ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் வெளியே நடந்துவிட்டார். எங்களுக்குள் அதுதான் மரியாதை. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வந்தது கவுன்சில் ஆளா, பொலிசா என்று வீட்டில் பெரிய தர்க்கம் நடந்ததாம். சத்தத்துக்கு முறைப்பாடு போயிருக்கிறது என்று யாரோ பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். கொலின்தான், "அது இடாப்பு சேர்" என்று சொல்லித் திரும்பப் பாட வைத்தார்.

இதைக் கேள்விப்பட்டு நான் கோப்பைத் திறந்தால், தவணை முப்பத்தொரு நாள் என்று போட்டிருந்தது.

"மாஸ்டர், பத்து நாள்தான் விதி."

"எட்டுச் செலவுப் படையல் முடியவே பத்து நாள் போயிடும், தம்பி. அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள். அதுக்கு முதல் கேட்டா வெக்கமில்லையோ எங்களுக்கு?"

"அந்தியேட்டி எங்கடை சைவ வழக்கம். அவ கிறிஸ்தவ மனுசி."

"தாய் தாய்தானே."

விதியைத் திரும்ப வாசித்தேன். சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு மதிப்பளித்துத் தவணையை நீட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. யாருடைய சமயம் என்று சொல்லப்படவில்லை. ஒப்பமிட்டேன்.

முப்பத்தோராம் நாள் மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளை மாலை தாங்கள் சமூகமளிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஆறு இருபத்தைந்துக்கு மிஸ் யூனிஸ் வந்துவிட்டார். கட்டுரை பின்னாலே வந்தது.

ஆனி மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது, மூன்று பேர். தலைவி வெள்ளைத் தலைமுடியோடு ஒரு அம்மையார். மெல்லப் பேசுவார். மெல்லப் பேசுகிறவர்களிடம்தான் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். நித்யா திரையைத் திறந்தாள். வரிசை வரிசையாகச் சிவப்பு.

"உங்கள் திரையில் பெருந்தொகையானோர் படிப்பை விட்டுவிட்டார்கள்" என்றார் தலைவி. "ஆனால் பரீட்சை எழுதியவர்களில் இதே ஆட்கள் இருக்கிறார்கள். எது உண்மை?"

அப்போதுதான் எனக்குப் பூட்டு விஷயம் தெரியவந்தது. ஆட்கள் திரும்பி வந்த பிறகும் பூட்டைத் திறக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. டொக்டர் கிளாரன்ஸ், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச்சை என்னிடம் தள்ளிவிட்டார். பொய்ப் பதிவு என்று ஒரு சொல் அறிக்கையில் ஏறினால் அனுமதி மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் பெயரும் போகும். நான் மூன்று விதிகளை மனதுக்குள் புரட்டினேன். ஒன்றும் உதவவில்லை.

மாஸ்டர் எழும்பி இடாப்பைக் கொண்டுபோய்த் தலைவியின் முன் விரித்தார்.

வருடம் முழுவதும், ஒவ்வொரு பெயருக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கோடு. கோடு இல்லாத இடமெல்லாம் சிறு குறிப்பு. குறிப்பு முழுவதும் தமிழில்.

"இது என்ன எழுதியிருக்கிறது?" என்று தலைவி என்னைப் பார்த்தார். "பெயர்களை விட்டுவிட்டு வாசியுங்கள்."

வாசித்து மொழிபெயர்த்தேன். "பல்லுக்கொதி. இரண்டு நாள்." "ஷிப்ட் மாறிவிட்டது. செவ்வாய் வர ஏலாது, வியாழன் வருவா." "மகனுக்குக் காய்ச்சல்." "புருசன் சரியில்லை, ஏழு மணிக்கு முன் தொலைபேசி எடுக்கக் கூடாது." "கணக்கு விளங்கவில்லை, வெட்கப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி விட்டேன்." "செத்தவீடு. அந்தியேட்டி முடியும்வரை கேட்கக் கூடாது." ஓரிடத்தில் "பொய். மிகவும் வடிவான பொய்" என்று இருந்தது. அதை "காரணம் சரிபார்க்கப்படுகிறது" என்று மொழிபெயர்த்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஊழியர்களுக்கும் இடாப்பு வைத்திருந்தார். தலைவி அதில் விரலை வைத்தார். டொக்டர் கிளாரன்ஸுக்கு எதிரே "பாடம் திறம். நீளம்" என்று இருந்தது. நீளத்தை விட்டுவிட்டேன். அதன் கீழே நான். "நல்ல மனிசன். படிவம் இல்லாமல் மூச்சு விடமாட்டார்." நான் அதை "நடைமுறையில் கவனமானவர்" என்று வாசித்தேன். அந்த அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த மற்ற ஒரே ஆள் நித்யா. அவளுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டாள்.

"இந்த முறைக்குப் பெயர் என்ன?" என்று தலைவி மாஸ்டரைக் கேட்டார்.

"பெயர் இல்லை, அம்மணி" என்றார் மாஸ்டர், இஸ்திரி போட்ட ஆங்கிலத்தில். "ஆள் வராவிட்டால் ஏன் என்று கேட்பது."

பிறகு குழு மாணவர்களோடு இணையத்தில் பேசியது. மாணவர் சார்பில் பேச இருந்தவர் மிஸ் யூனிஸ். மாஸ்டர் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். கொலின்தான் குரல் கொடுத்தார், முதியோர் இல்லத்தில் அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லையாம், இப்போதுதான் விட்டார்களாம், வந்துகொண்டிருக்கிறாராம். நான்கு நிமிடம். பிறகு நீலச் சீருடையோடு, பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டு மிஸ் யூனிஸ் திரையில் வந்தார். "பிரசன்ட் சேர்."

"பிந்தியவர்" என்று மாஸ்டர் உரக்கச் சொல்லி எழுதினார், மூன்று பேருக்கும் முன்னால்.

இந்தப் படிப்பைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று தலைவி கேட்டார். மிஸ் யூனிஸ் யோசித்தார்.

"நான் மூன்று இடத்தில் படித்தவள். முதல் இரண்டு இடத்திலும் நான் விட்டுப் போனது அவர்களுக்குத் தெரியாது" என்றார். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார்.

மூன்று கிழமை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "கடிதம் வந்தா வரட்டும், சோறு ஆறுது" என்று மனைவி சத்தம் போடுவாள். கடிதம் வந்தது. அனுமதி ஐந்து வருடத்துக்கு நீடிக்கப்பட்டிருந்தது. நான் அதை நின்றபடி ஒரு தரமும் இருந்தபடி ஒரு தரமும் வாசித்தேன். டொக்டர் கிளாரன்ஸ் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அப்படி ஒரு நடைமுறை எங்களுக்குள் இருந்ததில்லை. நித்யா இனிப்பு வாங்க ஓடினாள். மிஸ் யூனிஸ் அடுத்த வருடம் பட்டம் வாங்கினார், முழுப் பட்டம்.

மாஸ்டர் மட்டும் கடிதத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வந்தது மூண்டு பேர். கையெழுத்து ரெண்டுதான் கிடக்கு."

"மற்றவர் லீவு, மாஸ்டர்."

"ஏன்?"

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. மாஸ்டர் செய்வதை வேறு யாரும் செய்யக்கூடிய விதமாக நடைமுறையாக எழுத வேண்டும். நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. அதுதான் நான் அங்கே செய்த கடைசி வேலை. அவரைப் பக்கத்தில் இருத்தி, எத்தனை மணிக்குக் கூப்பிடுவது, எந்தக் காரணத்துக்கு எத்தனை நாள் விடுவது, எப்போது ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை வைப்பது என்று பதினேழு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் 'பொறுப்பான அலுவலர்' என்று ஒரு கட்டம் வரும். அதில் பதவியைத்தான் எழுத வேண்டும், ஆளின் பெயரை எழுதக் கூடாது. ஆட்கள் போவார்கள், பதவி நிற்கும் என்பதற்காக வைத்த விதி. பதவிப் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் செய்ததைச் செய்யும் பதவி ஒன்றும் அதில் இல்லை. கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் அவருடைய முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, எழுதி ஒப்பமிட்டேன். தெரிந்துகொண்டே நான் மீறிய விதி அது ஒன்றுதான்.